எந்த வேனில் ஏறுவது? கொங்குக் கிராமத்தில் வேலை தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

காலை ஆறே முக்காலுக்குப் பல்லடத்துக்கும் சூலூருக்கும் இடையில் ஏதாவது ஒரு ஊரின் பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். பகல் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற நூல் மில் வேன் வரும். பின்னாலேயே திருப்பூர் பனியன் கம்பெனி பஸ். அரசூர், நீலம்பூர் பக்கத்துப் பட்டறைகளுக்குப் பையன்கள் பைக்கில் போவார்கள். தறிக்குடோன்காரர்கள் தூக்குப் போசியோடு நடந்தே போய்விடுவார்கள். கடைசியாகத் தோட்டத்து வேலைக்கு ஒரு டெம்போ. அரை மணி நேரத்தில் ஊர் காலி.

திசைகள் வேறு என்றாலும் சேருமுன் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எவ்வளவுங்க?" பக்கத்துக் கம்பெனியில் 50 ரூபாய் கூட என்று காதில் விழுந்தால் அடுத்த திங்கட்கிழமை வேன் மாறிவிடும். காங்கயம் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து வாங்குகிற ஊர் இது. வேலையை மட்டும் விலை கேட்டவுடனே வாங்கிவிடுகிறோம்.

கேட்டில் சொல்கிற நாள் கூலி, உங்களுக்கு உண்மையில் கிடைக்கப் போவதில் ஒரு பகுதிதான். வேலைகளை ஒப்பிட நான்கு கேள்விகள் வேண்டும். முதலில் அவற்றைப் பார்ப்போம். பிறகு ஒவ்வொரு தொழிலையும் அவற்றில் வைத்து உரசுவோம். (கீழே கணக்குக்காகச் சொல்லும் கூலித் தொகைகள் உதாரணம்தான். உங்களிடம் சொன்ன தொகையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

நான்கு கேள்விகள்

ஒன்று, மணிக்கு எவ்வளவு? திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம். ஷிப்டுக்கு 600 என்றால் பல இடங்களில் ஒன்றரை ஷிப்டுக்கு 900 தருவார்கள். ஆனால் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பதுதான் விதி. 8 மணிக்கு 600 என்றால் மணிக்கு 75. கூடுதல் 4 மணிக்கு 150 வீதம் 600. ஆக அந்த நாளின் கூலி 1,200. வேனில் போகவர ஆகும் நேரத்தையும் கூட்டுங்கள். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் உங்கள் 75 ரூபாய் 60 ஆகிவிட்டது.

இரண்டு, வருஷத்தில் எத்தனை நாள்? நாளுக்கு 800 வீதம் 200 நாள் கிடைத்தால் 1,60,000. நாளுக்கு 600 வீதம் 300 நாள் கிடைத்தால் 1,80,000. கூலி குறைந்த வேலை 20,000 ரூபாய் முந்திவிட்டது.

மூன்று, கைக்கு வராத சம்பளம் எவ்வளவு? மாதம் 15,000 சம்பளத்தில் பிஎஃப் 12 விழுக்காடு 1,800, இஎஸ்ஐ 0.75 விழுக்காடு 113 போனால் கையில் 13,087. "எங்ககிட்ட பிடித்தமே கிடையாது" என்கிற இடத்தில் முழு 15,000. இரண்டாவது இடம் லாபம் போலத் தெரியும். ஆனால் முதல் இடத்தில் பிடித்த 1,800 உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. முதலாளியும் அதற்கு ஈடாக 1,800 போடுகிறார். இஎஸ்ஐக்கு அவர் பங்கு 3.25 விழுக்காடு. பொதுவாக 20 பேர் வேலை செய்தால் பிஎஃப், 10 பேர் இருந்தால் இஎஸ்ஐ. இஎஸ்ஐ இருந்தால் நோயில் படுத்த நாட்களுக்கு, வருஷத்துக்கு 91 நாள் வரை, 70 விழுக்காடு சம்பளம் உண்டு. பிள்ளைப்பேற்றுக்கு 26 வாரம். குடும்பத்துக்கே சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனையில் சிகிச்சை. பத்து வருஷ பிஎஃப் சேவை இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம்.

தீபாவளி போனஸ் சட்டப்படி 8.33 முதல் 20 விழுக்காடு. ஐந்து வருஷம் ஒரே இடத்தில் நிலைத்தால் பணிக்கொடை, அதாவது வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். 15,000 சம்பளக்காரருக்கு அது வருஷம் ஒன்றுக்கு ஏறக்குறைய 8,650 ரூபாய். 50 ரூபாய்க்காக நாலரை வருஷத்தில் வேன் மாறியவர் எதை விட்டுவிட்டு இறங்கினார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை வருகிறது. ஒப்பந்தக் காகிதம் கையில் இருந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

நான்கு, இந்த வேலையில் எத்தனை வயது வரை ஓட்டலாம்? கண், முதுகு, நுரையீரல் மூன்றையும் நினைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லுங்கள்.

நூல் மில்

கோவைக்கு முதல் மில் வந்தது 1888-இல். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் வேலையின் பெரிய பலம் நாள்தான். இயந்திரம் நிற்காது, மூன்று ஷிப்டும் ஓடும். பெரும்பாலான மில்களில் பிஎஃப், இஎஸ்ஐ உண்டு. சைடு பார்ப்பது, டாஃபிங், கோன் வைண்டிங் போன்றவற்றைச் சில மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். படிப்பு பெரிதாக வேண்டியதில்லை.

விலை வேறு பக்கத்தில் இருக்கிறது. அரை நைட்டு, முழு நைட்டு என்று தூக்கம் மாறிமாறிப் போகும். புளோரூம், கார்டிங் பகுதிகளில் பஞ்சுத் தூசி நுரையீரலைப் பிடிக்கும். விடுதியில் தங்கும் பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்று வருஷம் முடித்தால் மொத்தத் தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஆள் சேர்த்த காலம் இருந்தது. நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவே இல்லை. பெயர் மாறி அந்த ஏற்பாடு இன்று வந்தாலும், மாதாமாதம் உங்கள் வங்கிக் கணக்கில் விழாத பணத்தைச் சம்பளமாக எண்ணாதீர்கள்.

அரசு மில் என்றால் நிரந்தரம் என்ற நம்பிக்கையும் உடைந்தாயிற்று. கோவையின் தேசியப் பஞ்சாலைக் கழக மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. அதற்குப் பிறகு முறையாக ஓடவில்லை.

பனியன் கம்பெனி

திருப்பூரின் கவர்ச்சி சனிக்கிழமைச் சம்பளம். வாரக் கடைசியில் கையில் காசு. கைமடி, செக்கிங், பேக்கிங் என்று நுழைந்தவர் ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் உட்கார்ந்து டெய்லராகிவிட்டால் கூலி நன்றாக ஏறும். பீஸ் ரேட்டில் கை வேகமுள்ளவர், ஷிப்ட் சம்பளக்காரரைத் தாண்டிப் போய்விடுவார். கட்டிங் மாஸ்டருக்கு எப்போதும் கிராக்கி. கூலி விகிதங்கள் முதலாளி சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பேசிப் போடுகிற ஒப்பந்தத்தில் வருகின்றன. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் தடம் அதில் இருக்கிறது. ஒப்பந்த நகலைத் தொழிற்சங்க அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பலவீனம் நாள் கணக்கில். 2011 ஜனவரியில் நொய்யல் சாயக்கழிவு வழக்கில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னபோது, சாயத்தொட்டிப் பக்கமே போகாத டெய்லருக்கும் வேலை போனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது ஆர்டர்கள் தள்ளிப் போயின, ஷிப்டுகள் குறைந்தன. ஆகவே 'பனியன் கம்பெனி' என்று பொதுவாகச் சேராமல் மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிஎஃப், இஎஸ்ஐ கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் வெளிநாட்டு ஆர்டரோடு வேலை ஏறி இறங்கும். உள்நாட்டு வியாபாரம் செய்யும் கம்பெனிக்கு அந்த அடி குறைவு, தீபாவளி, பொங்கலை ஒட்டித்தான் வேகம். தையலை மட்டும் எடுத்துச் செய்யும் பவர்டேபிள் யூனிட்டில் பீஸ் ரேட் கூட வரலாம், கைக்கு வராத சம்பளம் பெரும்பாலும் பூஜ்யம்.

தறிக்குடோன்

சோமனூர், பல்லடம் பக்கத்தில் பெரும்பாலான தறிகள் கூலிக்கு ஓடுபவை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் நூலும் தருவார், தறிக்காரர் நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார். தறி ஓட்டுகிற தொழிலாளியின் கூலி அந்தக் கூலிக்குள் அடக்கம். மேலே இருவருக்கும் பேச்சு முறிந்தால் கீழே தறி நின்றுவிடும். 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டு நின்ற தறிகள் ஏப்ரலில்தான் மறுபடி ஓடின.

வீட்டுக்குப் பக்கம், புருஷன் பெண்டாட்டி சேர்ந்தே ஓட்டலாம், பிள்ளைகள் கண்ணெதிரே இருக்கும் என்பவை இதன் வசதிகள். இதன் கண்ணி முன்பணம். திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல்லும் கியர்ட் டி நேவும் இரண்டு ஊர்களை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். பனியன் கம்பெனிக்குப் போய்வந்த ஊரில் தலித் இளைஞர்களுக்கு ஊர்ப் பெரியவர்களின் பிடியிலிருந்து கொஞ்சம் விடுதலை கிடைத்திருந்தது. தறி ஊரில் வாங்கிய முன்பணம் அங்கிருந்த தலித் தொழிலாளர்களை ஒரே முதலாளியிடம் கட்டிப்போட்டிருந்தது. முன்பணம் வாங்காமல் தறிக்குப் போக முடிந்தால் போகலாம். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ கடன் தேவைப்பட்டால் கூட்டுறவு வங்கியையும் மகளிர் குழுவையும் முதலில் பாருங்கள். கூலியிலிருந்து கழிகிற கடனுக்கு வட்டி எழுதியிருக்காது, வேறு வேலைக்குப் போகும் உரிமைதான் அதன் வட்டி.

பட்டறை

1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் என்று கோவை பெருமைப்படுகிறது. பம்பு, கிரைண்டர், வார்ப்பு, வாகன உதிரிபாகம் என்று கணபதி, பீளமேடு, குறிச்சி, அரசூர் எங்கும் பட்டறைகள். முதல் இரண்டு வருஷம் இங்கே சம்பளம் சப்பென்று இருக்கும். பனியன் கம்பெனியில் சேர்ந்த அதே வயதுப் பையன் கூட வாங்குவான். ஆனால் டர்னர், ஃபிட்டர், சிஎன்சி ஆபரேட்டர், அப்புறம் செட்டிங், புரோகிராம் என்று படி படியாக ஏறுகிற தொழில் இது. பத்தாவது வருஷத்தில் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஐடிஐயில் டர்னர், ஃபிட்டர் இரண்டு வருஷம், வெல்டர் ஒரு வருஷம். 2024 ஆகஸ்ட் 9-இல் கோவையிலேயே தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்து ஐடிஐ, டிப்ளமோ சேரும் பையனுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம். இரண்டு வருஷம் சம்பாதிக்க மாட்டானே என்று தயங்குகிற வீடு இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எச்சரிக்கை இரண்டு. வார்ப்பட ஆலையின் வெப்பமும் மணல் தூசியும் உடம்பைத் தின்னும். பெரிய கம்பெனி வாசலில் வேலை செய்தாலும் சம்பளம் கான்ட்ராக்டரிடமிருந்து வந்தால் பிஎஃப் யார் பெயரில் போகிறது என்று பார்க்க வேண்டும்.

தோட்டம், தென்னை, கோழி

தோட்டத்து வேலையில் காலையில் போனால் மதியத்துக்கு மேல் வீடு. மணிக் கூலி பார்த்தால் மோசமில்லை. ஆனால் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற வழக்கம் இன்னும் போகவில்லை, மழை இல்லாத மாதத்தில் நாளும் இல்லை. இதன் நடுவே நூறு நாள் வேலையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 2025-26-இல் தமிழ்நாட்டில் அதன் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. அதன் இப்போதைய கூலிக்குக் கீழே தருபவரிடம் போக வேண்டியதில்லை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை ஏறுகிறவருக்கு மரக் கணக்கில் கூலி. ஆள் தட்டுப்பாட்டால் நல்ல காசு. விழுந்தால் அவ்வளவுதான். தென்னை வளர்ச்சி வாரியத்தின் ஏறும் கருவிப் பயிற்சியும் கேரா சுரக்ஷா விபத்துக் காப்பீடும் இல்லாமல் மரத்தில் கால் வைக்காதீர்கள். 2016-இல் அந்தப் பக்கம் வந்த வெள்ளை ஈயும், அதோடு சேர்ந்துகொண்ட வேர் வாடலும் காய்ப்பைக் குறைத்ததையும் மறக்க வேண்டாம்.

சொந்தப் பூமி உள்ளவருக்குக் கறிக்கோழிக் கொட்டகை. கம்பெனி குஞ்சு, தீவனம், மருந்து தரும். உங்களுடையது கொட்டகை, கரண்ட், தண்ணீர், உழைப்பு. ஒரு பேட்ச் ஏறக்குறைய 40 நாள். எடைக்கு வளர்ப்புக் கூலி. தோட்டத்துக்காரர் முதலாளி போலத் தெரிந்தாலும் கணக்கில் இவரும் கூலிக்காரர்தான், கொட்டகைக் கடன் மட்டும் கூடுதல். கடன் தவணையையும் வெயில் காலச் சாவையும் கழித்த பிறகு வீட்டில் இரண்டு பேர் உழைப்புக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். அது மில் சம்பளத்தைத் தாண்டினால் சரி.

யாருக்கு எது?

பத்தாவது, பிளஸ் டூ முடித்த பையனோ பெண்ணோ என்றால் ஐடிஐ வழியாகப் பட்டறை. முதல் இரண்டு வருஷத்தை வீடு தாங்குமானால் வேறு யோசனையே வேண்டாம்.

உடனே காசு தேவைப்படும் இளைஞருக்குப் பனியன் கம்பெனி. ஆனால் பேக்கிங்கிலேயே நின்றுவிடாமல் ஆறு மாதத்தில் மெஷினில் உட்கார வேண்டும்.

கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு இஎஸ்ஐ உள்ள, பகல் ஷிப்ட் மட்டும் தருகிற இடம். நாள் கூலி 50 ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை.

நாற்பது தாண்டி முதன்முறை வெளி வேலைக்குப் போகிறவருக்குத் தூசி குறைந்த பகுதி கிடைக்கும் மில், பத்து வருஷம் நிலைத்து ஓய்வூதியம் வாங்கும் திட்டத்தோடு.

இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தோட்டத்தை விட்டுவிட வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது பிஎஃப் உள்ள வேலை இருக்கட்டும்.

சேருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், சம்பளச் சீட்டையும் பிஎஃப் பாஸ்புக்கையும் காட்டச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் சொன்னதும் அதில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் வேன் நின்றதும் ஏறுவதற்கு முன் உள்ளே ஒரு பார்வை. நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர்கள் நாலு பேராவது உட்கார்ந்திருக்கிறார்களா? இருந்தால் ஏறுங்கள். எல்லாம் இருபது வயது முகமாகவே இருந்தால், முன்னே போனவர்கள் எங்கே இறங்கிப் போனார்கள் என்று டிரைவரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.