தலைமுடி – ஒரு தொழில்நுட்பப் பார்வை



கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லையா? இது நம் மதுரைக்கே சொந்தமான கேள்வி. பாண்டியனுக்கு வந்த சந்தேகம், தருமி கொண்டுவந்த பாட்டு, நக்கீரர் கண்ட குற்றம், நெற்றிக்கண், பொற்றாமரைக் குளம் என்று பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் பாடிய கதையை 1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படம் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்துவிட்டது. தருமியாக வந்த நாகேஷை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அறிவியலும் அதற்கு ஒரு விடை சொல்கிறது.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடி உயிரில்லாத பொருள். அதற்கென்று சுரப்பி எதுவும் கிடையாது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை, வியர்வை, அங்கே வாழும் நுண்ணுயிர்கள், நாம் தடவும் எண்ணெய், சூடும் மல்லிகை ஆகியவை தருவதுதான் கூந்தலின் மணம். ஆக, நக்கீரர் கட்சியே ஜெயிக்கிறது!

‘வேருக்கு உயிர் உண்டு, முடிக்கு உயிர் இல்லை.’ இந்த ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டால் போதும். எந்த விளம்பரத்தை நம்பலாம், எதற்குக் காசைக் கரியாக்கக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும். அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

இதை எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். என் அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கைப்பழக்கத்தில் சொல்லுகிற பல விஷயங்களுக்கு, ‘ஏன்’ என்ற காரணம் நம் முதலாண்டு இயற்பியல், வேதியியல் புத்தகங்களிலேயே இருப்பதைக் கண்டேன். அந்த இரண்டையும் சேர்த்து வைப்பதே என் வேலை.

முடி என்னும் மெட்டீரியல்

ஸ்க்ரூ கேஜில் உங்கள் முடி ஒன்றை வைத்து அளந்து பாருங்கள். மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்றால் பெரும்பாலும் 6 முதல் 9 பிரிவுகள் காட்டும். அதாவது 0.06 முதல் 0.09 மி.மீ. விட்டம். இவ்வளவு மெல்லிய இழை ஏறத்தாழ 100 கிராம் எடையைத் தாங்கும்! காரணம், அது கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. கெரட்டினில் கந்தகம் அதிகம். முடி கருகினால் ஒரு நாற்றம் வருகிறதே, அது கந்தகத்தின் வேலை. பக்கத்துப் பக்கத்துப் புரதச் சங்கிலிகளைக் கந்தகப் பிணைப்புகள் ஏணிப்படி மாதிரி இணைத்து நிற்பதால்தான் முடிக்கு அந்த உறுதி.

முடியின் மேற்புறம் நாட்டு ஓடு வேய்ந்த கூரை போன்றது. செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். செதில் படிந்திருந்தால் வெளிச்சம் நன்றாகப் பிரதிபலிக்கும்; பளபளப்பு. செதில் தூக்கிக்கொண்டால் சொரசொரப்பு, சிக்கு. நுனியிலிருந்து வேரை நோக்கி விரலால் உருவினால் இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஈரமான முடி அதிகம் நீளும், ஆனால் உறுதி குறையும். தண்ணீர் உள்ளே புகுந்து ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்திவிடுவதே காரணம். “ஈரத்தலைய வரட்டு வரட்டுனு சீவாதப்பா” என்று கடைக்கு வருகிற பையன்களிடம் அப்பா சொல்லுவார். டென்சைல் டெஸ்ட் பார்க்காமலே அவருக்குத் தெரிந்த உண்மை அது. தலை முக்கால்வாசி உலர்ந்த பிறகு, அகலப் பல் சீப்பால், முதலில் நுனிச் சிக்கை எடுத்து, பிறகு மேலே போக வேண்டும்.

உப்புத் தண்ணியும் சோப்பும்

ஈ.டி.டி.ஏ. கரைசலை வைத்து நீரின் கடினத்தன்மை கண்டுபிடிக்கும் சோதனை நம் எல்லோருக்கும் தெரியும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லை என்றால் 600 வரை. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணிதான். அதில் உள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் குளியல் சோப்புடன் சேர்ந்தால் நுரை வராது. வெள்ளைக் கசடு படியும். வாளி ஓரத்தில் படிவதைப் பார்க்கிறோம். தலையிலும் அதேதான் படிகிறது. போதாக்குறைக்கு சோப்பின் பி.எச். 9, 10 என்று காரத்தன்மை உடையது. தலைத்தோலோ 5-ஐ ஒட்டிய மிதமான அமிலத்தன்மை உடையது. காரம் பட்டால் செதில் தூக்கிக்கொள்ளும். ஆகவே தலைக்குக் குளியல் சோப் வேண்டாம்.

ஷாம்பு, சோப் அல்ல; அது டிடர்ஜெண்ட் வகை. உப்புத் தண்ணியிலும் கசடு ஆகாது. கடலூர் சின்னி கிருஷ்ணன் 1970-களில் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கியதால் அது ஏழை வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஷாம்பு தலைத்தோலுக்கு, முடியின் நுனிக்கு வழிந்து வரும் நுரையே போதும்.

சீயக்காய், அரப்பு இரண்டிலும் சபோனின் என்ற இயற்கை நுரைப்பொருள் இருக்கிறது. அரப்பு என்பது உசிலை மரத்து இலையின் தூள். நம் உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்ததே இந்த உசிலை மரம்தான் என்பார்கள். வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். கண்ணில் பட்டால் எரியும். தூளை நன்றாக அலசாவிட்டால் தலையில் தங்கும். இந்த இரண்டைக் கவனித்தால் போதும்.

உப்புத் தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும். ஆனால் ஹாஸ்டல் தண்ணியால்தான் வழுக்கை விழுந்தது என்று பழி போடுவது சரியல்ல. கடைசி ஒரு செம்பு மட்டும் நல்ல தண்ணியில் அலசுங்கள். வித்தியாசம் தெரியும்.

எண்ணெய் வைப்பது எதற்கு?

எண்ணெய் முடிக்கு உணவு அல்ல. செத்த பொருளுக்கு ஏது சாப்பாடு? ஆனால் எண்ணெய்க்கு வேறு வேலை உண்டு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைக் குறைத்தது. தேங்காய் எண்ணெயில் அதிகமுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடிக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. எனவே தலைக்குக் குளிப்பதற்கு முன் தேய்ப்பதே அதிகப் பலன். மெஷினுக்கு ஆயில் விடுவதுபோல அளவாக விட வேண்டும். வழிய வழிய வேண்டாம்.

பொடுகு இருப்பவர்கள் கவனிக்கவும். பொடுகுக்கு முக்கியக் காரணம் மலசீசியா என்ற ஒருவகைப் பூஞ்சை. அதற்குத் தீனியே தலையின் எண்ணெய்ப் பசைதான். ‘தலை காய்ந்துபோய்ப் பொடுகு வந்துவிட்டது’ என்று மேலும் எண்ணெய் வைப்பது திருடனுக்குச் சாவி கொடுத்த கதை. கீட்டோகோனசோல் அல்லது ஜிங்க் பைரிதியோன் கலந்த ஷாம்புவைத் தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் விட்டு அலச வேண்டும். உடனே அலசினால் மருந்து வேலை செய்யாது.

முடி கொட்டுகிறதே, என்ன செய்ய?

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள். ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதம் ஓய்வெடுத்து, விழுந்து, திரும்ப முளைக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. சீப்பில் நாலு முடியைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

டைபாய்டு, டெங்கு போன்ற காய்ச்சல் வந்து போனால் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். 2020, 2021-இல் கொரோனா வந்து எழுந்த பலருக்கும் இது நடந்தது. வேர் சாகவில்லை; ஓய்வுக்குப் போயிருக்கிறது. பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும்.

இன்னொரு பெரிய காரணம் இரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை உண்டு. காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பிடாமல் ஓடிவரும் சகோதரிகளே, 200 ரூபாய் எண்ணெய்ப் பாட்டிலை வாங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, கடலை, முட்டை ஆகியவைதான் வேருக்கு உரம். கூட ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை இருந்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது.

வட்டமாக முடி கொட்டுவதைப் ‘புழுவெட்டு’ என்கிறோம். அங்கே புழு எதுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. பரம்பரை வழுக்கை வேறு; அது ஹார்மோனும் மரபணுவும் சம்பந்தப்பட்டது. மினாக்ஸிடில் என்ற மருந்து சிலருக்குப் பயன் தரும். டாக்டர் சொல்லித்தான் போட வேண்டும். நம் அரசு இராசாசி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போலி வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்குப் பதில் ஒரு காலைப்பொழுதை அங்கே வரிசையில் செலவிடுவது மேல்.

ஸ்டைல் வேண்டாமா?

தாராளமாக வேண்டும்! ஸ்டைல் என்பது அளவறிந்து செய்வது. ஹேர் டிரையர் சூட்டில் படிய வைப்பது ஹைட்ரஜன் பிணைப்பை மாற்றுவது. வியர்த்தால் பழையபடி ஆகிவிடும். நம் மதுரை வெயிலில் பகல் தாங்காது. சுருட்டையை நிரந்தரமாக நேராக்குவது கந்தகப் பிணைப்பையே உடைத்துத் திரும்பக் கட்டுவது. ஒவ்வொரு தடவையும் முடி பலம் இழக்கும். நேராக்கும் சில கிரீம்கள் அயர்னிங் சூட்டில் பார்மால்டிஹைடு ஆவியை விடும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிவித்தது. வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள். நாள் முழுக்க அந்த ஆவியைச் சுவாசிப்பவர் சலூனில் வேலை பார்க்கும் தொழிலாளி என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கருப்பு டையில் பி.பி.டி. என்ற பொருள் இருக்கும். சிலருக்கு முகமே வீங்கிவிடும். காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குப் போட வேண்டும். மருதாணி கருப்பாகப் பிடிக்காது; ‘கருப்பு மருதாணி’ என்று விற்றால் அதில் பெரும்பாலும் இதுதான் கலந்திருக்கும்.

முகத்துக்கு ஏற்ற வெட்டு எது? வட்ட முகத்துக்குப் பக்கங்களைக் குறைத்து மேலே கொஞ்சம் உயரம் விடலாம். நீள முகத்துக்கு மேலே உயரம் வேண்டாம். சலூனில் நடிகர் படத்தைக் காட்டுவதைவிட, “அண்ணே, என் முடிக்கு எது நிக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். தினம் ஐம்பது தலை பார்க்கும் கைக்கு உங்கள் சுழி எந்தப் பக்கம் என்று தெரியும். சவரத்துக்குப் புது பிளேடு போடுகிறாரா என்று பார்ப்பது உங்கள் உரிமை. மஞ்சள் காமாலை பி, சி வகைகளும் எச்.ஐ.வி.யும் பழைய பிளேடு வழியே பரவ வாய்ப்புண்டு. உங்கள் தலையை நம்பி ஒப்படைக்கும் மனிதரை மரியாதையாக அழைப்பது உங்கள் கடமை.

ஒர்க்‌ஷாப்பில் உயிர்ப் பிரச்சினை

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். டிரில்லிங் மெஷின் ஸ்பிண்டில் விட்டம் 25 மி.மீ. என்றால் சுற்றளவு 78.5 மி.மீ. முடியின் நீளம் 60 செ.மீ. என்றால் 8 சுற்றுக்குள் மொத்த முடியும் சுற்றிக்கொள்ளும். வேகம் 720 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 12 சுற்று. ஆக, ஆகும் நேரம் முக்கால் விநாடிக்கும் குறைவு! கை ஸ்விட்சைத் தேடுவதற்குள் தலை ஸ்பிண்டிலில் இருக்கும்.

முடி அறுந்துவிடாதா என்று கேட்கலாம். ஒரு முடி 100 கிராம் தாங்கும் என்று பார்த்தோம். ஆயிரம் முடி சேர்ந்து மாட்டினால் 100 கிலோ தாங்கும். அறுவது முடியாக இருக்காது; பிய்ந்து வருவது தலைத்தோலாக இருக்கும். முடியின் உறுதியே அங்கே நமக்கு எமன்.

ஆகவே மாணவிகள் பின்னலைத் தொங்கவிடாமல் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் அடக்க வேண்டும். நெற்றியில் முடி வளர்த்திருக்கும் மாணவர்களுக்கும் இதே விதிதான். ‘இப்ப அஞ்சு நிமிஷ வேலைதானே’ என்று சொல்ல வேண்டாம். கணக்கில் வந்தது முக்கால் விநாடி.

நினைவில் வைக்க

1. வேருக்கு உணவு வயிற்றின் வழியே. வெளி முடிக்குத் தேவை பராமரிப்பு மட்டுமே.
2. தலைக்குக் குளியல் சோப் வேண்டாம்.
3. எண்ணெய், குளிப்பதற்கு முன். பொடுகு இருந்தால் மருந்து ஷாம்பு.
4. ஈரத்தலையை இழுத்துச் சீவாதீர்கள்.
5. திடீரென்று கொட்டினால் இரத்தப் பரிசோதனை. வட்டமாகக் கொட்டினால் டாக்டர்.
6. டை, கிரீம் எதுவானாலும் லேபிளைப் படித்து, சோதித்துப் போடுங்கள்.
7. மெஷின் பக்கம் போகும் முன் முடியைக் கட்டுங்கள்.

முடி போனால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். அழகும் வேண்டியதுதான், அதற்கு முன் அறிவு வேண்டும், அதற்கும் முன் பாதுகாப்பு வேண்டும். நக்கீரர் காலத்திலிருந்தே கேள்வி கேட்ட ஊர் நம் ஊர். விளம்பரத்தைப் பார்த்தும் கேள்வி கேட்போம், வாருங்கள்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் பிரிவு