துடுப்பு பிடிக்கத் தோள்பலம் போதுமா?

சேதராப்பட்டுக்குச் சற்றுத் தெற்கே ஊசுடு ஏரி. அங்கே படகுச் சவாரி போனவர்களுக்குத் துடுப்பு புதிதல்ல. ரோயிங் பந்தயமோ ஒலிம்பிக் சமயத்தில் டிவியில் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். அதனால் சவாரிப் படகை வைத்தே பந்தயப் படகையும் எடைபோட்டுவிடுகிறோம்.

நம்பிக்கை: கேரளத்து வள்ளங்களியும் ரோயிங்கும் ஒன்றுதான்.

உண்மை: வள்ளங்களியில் துழாவுகிறவர் முன்னே பார்த்து உட்காருவார், துடுப்பு அவர் கையில் மட்டுமே இருக்கும். கட்டுமரத்திலும் அப்படித்தான். ரோயிங்கில் துடுப்பைப் படகின் பக்கவாட்டுச் சட்டத்தில் பூட்டியிருப்பார்கள். அது நெம்புகோலாக வேலை செய்கிறது. வீரர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருகிறார். முந்துகிறவருக்குத்தான் எதிராளிகள் எல்லோரும் கண்ணில் படுவார்கள்.

நம்பிக்கை: தோள் திரண்டவரே ஜெயிப்பார்.

உண்மை: படகின் இருக்கை முன்னும் பின்னும் உருளும். பாதங்கள், பலகையில் பொருத்திய காலணிக்குள் இருக்கும். முழங்காலை மடக்கி வந்து, துடுப்பை நீரில் இறக்கியதும் பலகையை உதைக்கிறார் வீரர். முதலில் கால், அடுத்து முதுகு, கடைசியில்தான் கை. வேகத்தில் பெரும்பங்கு தொடைகள் தருவது. ஒலிம்பிக்கில் இதுவரை வழக்கமான தூரம் 2000 மீட்டர். ஆறேழு நிமிடம் இப்படி உதைக்க, தசையோடு மூச்சும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

நம்பிக்கை: கனமான படகே கவிழாது, பந்தயத்துக்கும் அதுதான் சரி.

உண்மை: ஒற்றையர் படகுக்கு விதி வைத்திருக்கும் குறைந்தபட்ச எடை 14 கிலோ. வீட்டு சிலிண்டருக்குள் இருக்கும் எரிவாயுவின் எடை அவ்வளவுதான். கார்பன் இழையால் செய்த அந்தப் படகு சுமார் 8 மீட்டர் நீளம். அகலம் ஒரு முழம்கூட வராது. இருபுறமும் விரிந்த துடுப்புகளே அதை நிமிர்த்திப் பிடிக்கின்றன. கைவிட்டால் கவிழ்ந்துவிடும்.

நம்பிக்கை: காக்ஸ் சும்மா உட்கார்ந்து கத்துகிறவர்.

உண்மை: எட்டுப் பேர் படகில் முன்னே பார்த்திருப்பவர் அவர் ஒருவரே. திசை திருப்புவதும் தாளம் பிசகாமல் காப்பதும் அவர் பொறுப்பு. ஆனால் அவர் எடையையும் மற்றவர்கள்தான் இழுக்க வேண்டும். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்து ஜோடி தங்கள் காக்ஸை இறக்கிவிட்டு, எடை குறைந்த உள்ளூர்ச் சிறுவன் ஒருவனை ஏற்றித் தங்கம் வென்றது. இன்று காக்ஸுக்குக் குறைந்தது 55 கிலோ வேண்டும். குறைந்தால் ஈடுகட்டும் பாரத்தைச் சுமக்க வேண்டும்.

நம்பிக்கை: தண்ணீர்க் கரையில் வளர்ந்தவருக்கே இது வரும்.

உண்மை: அடையாற்றங்கரையில் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப் 1867லேயே தொடங்கிவிட்டது. ஆனால் 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு ரோயிங்கின் முதல் தங்கத்தை வாங்கித் தந்தவர் வறண்ட ராஜஸ்தானின் பஜ்ரங் லால் தாக்கர். 2018 ஆசியப் போட்டியில், பாலெம்பாங்கில் நடந்த நால்வர் பிரிவில் தங்கம் வென்ற தத்து போகனாலின் சொந்த ஊர், நாசிக் மாவட்டத்தில் தண்ணீருக்குத் தவிக்கும் கிராமம். ராணுவம்தான் அவர் கையில் துடுப்பைக் கொடுத்தது.

ஊசுடு ஏரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். அதைப் பந்தயக் களமாக்க வேண்டியதில்லை. ஜிம்மில் இருக்கும் ரோயிங் மெஷினில் உட்கார்ந்து 2000 மீட்டர் இழுத்துப் பாருங்கள். மறுநாள் தோளைவிடத் தொடை அதிகம் வலித்தால், சரியாகத்தான் இழுத்திருக்கிறீர்கள்.