சாதனைப் பயணத்துக்கு ஜிபிஎஸ்: தம்பிக்கு அக்கா டிப்ஸ்

ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் 8 நாள், 1 மணி, 37 நிமிடம். 2021 மார்ச்சில் காஷ்மீர் இளைஞர் ஆதில் தேலி ஓட்டிக் காட்டி கின்னஸ் சான்றிதழ் வாங்கிய நேரம் இது. அதே பாதையில் நீயும் இறங்கப் போகிறாய் என்பது ஐயப்பன்தாங்கல் டெப்போ வாசல் டீக்கடை வரைக்கும் தெரிந்துவிட்டது. மிதிப்பது உன் பாடு தம்பி, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் நீ கடைக்காரனிடம் ஜிபிஎஸ் விலை கேட்ட லட்சணத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பெரிய திரை, கலர் மேப், குரலில் வழி சொல்லும் வசதி, இதெல்லாம் உனக்கு எதற்கு? ஸ்ரீநகரில் ஏறினால் கன்னியாகுமரி வரை தேசிய நெடுஞ்சாலை 44 ஒன்றுதான். வழி காட்டுவது உன் கருவிக்குப் பாதி வேலைகூட இல்லை. நீ மிதித்ததற்குச் சாட்சி சொல்வதுதான் அதன் வேலை. சந்தேகப்படுகிறவன் முன்னால் நிற்கக்கூடிய சாட்சியாகப் பார்த்து வாங்கு.

சாட்சி எப்படிக் கவிழும் என்பதற்கு ஒரு கதை. 2016-ல் பிரிட்டனைச் சேர்ந்த ராபர்ட் யங், அமெரிக்காவைக் குறுக்கே ஓடிக் கடக்கும் சாதனையை முறியடிக்கக் கிளம்பினார். கான்சாஸில் ஒரு நள்ளிரவில் அவருடைய வேன் மட்டும் மெதுவாக நகர்வதையும், பக்கத்தில் ஓடுகிறவரே இல்லாததையும் ஒருவர் பார்த்துவிட்டார். பேச்சு கிளம்பியது. அவரை ஆதரித்த நிறுவனமே விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. நிபுணர்கள் இருவர் அவர் கைக்கடிகாரத்தின் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தூரம் இருந்தது, வேகம் இருந்தது. காலடி எண்ணிக்கை மட்டும் பல இடங்களில் இல்லை. கடிகாரம் நகர்ந்திருக்கிறது, கால் நகரவில்லை. வண்டியின் உதவி இருந்திருக்க வேண்டும் என்று அறிக்கை முடித்தது. அவர் கடைசி வரை மறுத்தார்.

அதனால் ஜிபிஎஸ் புள்ளி மட்டும் போதாது. பெடல் சுழற்சியை எண்ணும் கேடன்ஸ் சென்சாரும் நெஞ்சில் கட்டும் இதயத் துடிப்புப் பட்டையும் இணையக்கூடிய சைக்கிள் கம்ப்யூட்டராக வாங்கு. கார்மின், வாஹூ இரண்டிலும் இந்த வசதி உண்டு. சக்கர அச்சில் மாட்டும் ஸ்பீடு சென்சாரும் ஒன்று வேண்டும். பனிஹால், செனானி பக்கம் எட்டு ஒன்பது கிலோமீட்டர் நீளத்தில் சுரங்கங்கள் இருக்கின்றன; உள்ளே ஜிபிஎஸ் சிக்னல் வராது. அங்கே சக்கரம் எண்ணிய தூரம்தான் உனக்குத் துணை. சைக்கிளை உள்ளே விடுவார்களா என்பதையும் கிளம்பும் முன்பே விசாரித்து எழுத்தில் வாங்கிவிடு.

வாங்கியதும் இரண்டு செட்டிங்கை மாற்று. பதிவு இடைவெளியை ஒவ்வொரு நொடிக்கும் என்று வை. ‘ஸ்மார்ட்’ என்று போட்டிருப்பது இடத்தை மிச்சப்படுத்தப் புள்ளிகளை விழுங்கிவிடும். ஆட்டோ பாஸை அணைத்துவிடு. சாதனைக் கணக்கில் நீ தூங்கும் நேரமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எட்டு நாளையும் ஒரே ஃபைலாக ஓட்டாதே, அது கெட்டால் எல்லாம் போச்சு. தினம் ஒரு ஃபைல், இரவே மேலே ஏற்று, ஒரு பிரதி பென் டிரைவில். அசல் ஃபைலில் கை வைக்காதே. ‘கொஞ்சம் சுத்தம் பண்ணினேன்’ என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது முக்கியம். வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு இன்ரீச், ஸ்பாட் மாதிரி சாட்டிலைட் மெசஞ்சர் எதையும் ஆர்டர் போடாதே. அங்கே உயிர் காக்கும் கருவி, இங்கே தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு. 2024 டிசம்பரில் இன்ரீச் வைத்திருந்த கனடா ஓட்டப் பந்தய வீராங்கனையை கோவா விமான நிலையத்தில் பிடித்து வைத்தார்கள். காஷ்மீரில் சோதனைச் சாவடிக்குச் சாவடி நின்று போகிற உனக்கு இந்த வம்பு வேண்டவே வேண்டாம். சாட்டிலைட்டில் இருந்து சிக்னலை வாங்க மட்டும் செய்கிற சைக்கிள் கம்ப்யூட்டர் வேறு, திருப்பி அனுப்புகிற கருவி வேறு. சட்டத்தின் கண் இரண்டாவதின் மேல்தான்.

அப்போ வீட்டில் இருக்கிறவர்கள் உன்னை எப்படிப் பார்ப்பது? சிம் போட்ட டிராக்கர்தான். இதிலும் இரண்டு பள்ளம். மலிவாகக் கிடைக்கும் டிராக்கர்களில் பல 2ஜி மட்டும் பேசுபவை. ஜியோவில் 2ஜி-யே கிடையாது. பெட்டியில் 4ஜி என்று போட்டிருக்கிறதா பார். அடுத்து, வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது. டிராக்கருக்கும் சரி, போனுக்கும் சரி, போஸ்ட்பெய்டு வாங்கு. ஸ்ரீநகரில் கொடி அசைக்கிற அன்றே உன் புள்ளி மேப்பில் இல்லாமல் போனால் யாரைக் கேட்பது?

மாற்றுக் கருவி கட்டாயம். போனில் ஸ்ட்ராவா செயலியை ஓடவிட்டால் போதும் என்பாய். பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் ஆண்ட்ராய்டு அதைச் சத்தமில்லாமல் மூடிவிடும். மூடாமல் இருக்க, பேட்டரி சேமிப்பிலிருந்து அதற்கு விலக்கு தரும்படி நீயே போய் அமைக்க வேண்டும். எனக்குப் பிடித்தது கார்மின் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் மாதிரி பழைய பாணிக் கைக்கருவி. பார்க்க அழகு கிடையாது. ஆனால் இரண்டு ஏஏ பேட்டரியில் சுமார் 25 மணி நேரம் ஓடும். ஏஏ பேட்டரி எந்த ஊர் மளிகைக் கடையிலும் கிடைக்கும். கருவியை பில்லோடு, இந்திய வாரண்டியோடு வாங்கு. கேபிளை ரிச்சி தெருவில் வாங்கிக்கொள், ஆனால் மூன்றாக. முதலில் சாவது அதுதான்.

பரிசோதிக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் பூந்தமல்லி சாலையில் மெட்ரோ பாலத்துக்குக் கீழேயே போரூர் வரை ஓட்டு, பிறகு செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஓட்டு. இரண்டு தடத்தையும் மேப்பில் வைத்துப் பார். ஏரிப் பக்கம் கோடு சாலைமேல் ஒழுங்காக உட்காரும். பாலத்தடியில் கான்கிரீட்டில் பட்டுத் திரும்பும் சிக்னலால் கோடு கடைக்குள் எல்லாம் புகுந்து வரும். எந்தக் கருவி பாலத்தடியிலும் குறைவாகத் துள்ளுகிறதோ அதை வைத்துக்கொள். இரட்டை அலைவரிசை உள்ளவை பொதுவாகத் தேவலை. பிறகு ஒரு முழு இரவு வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி இறங்கி, பேட்டரிக்குக் கம்பெனி சொன்ன கணக்கு சரியா பார். ஸ்ரீநகர்க் குளிரில் இன்னும் குறையும்.

கருவியோடு ஒரு லாக் புக்கும் வைத்துக்கொள்; வழியில் பார்த்தவர்களின் கையெழுத்தையும் கடை பில்லையும் அதில் சேர்க்கும்போது ஒன்று கவனி. ஃபைலுக்குள் நேரம் பதிவாவது உலகப் பொது நேரத்தில்; நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நாக்பூரில் காலை 4 மணிக்கு நீ கிளம்பினால், ஃபைலில் அது முந்தின நாள் இரவு 10.30. லாக் புக்கின் முதல் பக்கத்திலேயே ‘எல்லா நேரமும் இந்திய நேரம்’ என்று எழுதிவிடு, இல்லாவிட்டால் தேதியே இடிக்கும். இதற்கெல்லாம் முன்னால் கின்னஸில் விண்ணப்பித்து அவர்கள் அனுப்பும் விதிமுறைத் தாளை வாங்கிப் படி. அதில் கேட்டிருப்பது வேறாக இருந்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு அதன்படி வாங்கு.

கடைசியாக, டிராக்கர் தரும் அந்த லைவ் டிராக்கிங் லிங்க். அதை ஸ்டேட்டஸில் போடாதே. நடுராத்திரி நெடுஞ்சாலையில் நீ தனியாக எங்கே இருக்கிறாய் என்பது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம். அம்மாவுக்கும் அனுப்பாதே. சுரங்கத்துக்குள் புள்ளி பத்து நிமிஷம் நின்றால் போதும், இங்கே வீடு ரெண்டாகிவிடும். எனக்கு மட்டும் அனுப்பு.