வம்ச வாகும் மலைக்காற்றும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நிறைத்துச் செல்லும் ஜனத்திரளினிடையே, எழுபதைக் கடந்த முதியவர் ஒருவர் வெறுங்காலோடு எங்கும் உட்காராமல் நடந்துபோவதைக் கண்டால், பார்ப்பவர்கள் இரண்டு காரணங்களில் ஒன்றைத் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்: "அவங்க வம்ச வாகு அப்படி" என்பது ஒன்று, "எல்லாம் இந்த மலைக்காற்று" என்பது மற்றொன்று.

வம்ச வாகு என்பது முழுப் பொய்யன்று. நமது ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுக் கூட்டம் ஒன்று இருக்கிறது. உடலில் புகுந்த கிருமியின் துணுக்கை உயிரணுவின் மேற்பரப்பில் எடுத்துக் காட்டி, அந்நியன் வந்திருக்கிறான் என்று, கிருமிகளை எதிர்க்கும் டி அணுக்களுக்கு அறிவிப்பது அதன் காரியம். தந்தை பாதியும் தாய் பாதியுமாகத் தரும் இச்சொத்து, ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குங்கூட ஒரே விதமாக அமைவது நாலில் ஒரு வாய்ப்புத்தான். மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பன் குழுவினர், இக்கூட்டத்தின் டி.ஆர்.2 என்னும் வகைக்கும் நுரையீரல் காசநோய்க்கும் தென்னிந்தியரிடையே தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். ஆகவே, யாரை எந்த வியாதி எளிதில் பற்றும் என்பதில் பரம்பரைக்குப் பங்குண்டு.

ஆனால், அந்தப் பங்கு எவ்வளவு? 1870 முதல் 1900 வரை டென்மார்க்கில் பிறந்த இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், மனிதருக்கு மனிதர் ஆயுளில் காணும் வேற்றுமையில் ஏறக்குறைய கால் பங்கையே பரம்பரையின் கணக்கில் எழுதினார்கள். 2015-இல் வெளிவந்த ஸ்டான்போர்டு ஆராய்ச்சி இன்னும் நேராக நோய் எதிர்ப்பு மண்டலத்தையே சோதித்தது: 8 வயது முதல் 82 வயது வரையிலான 210 இரட்டையரிடம் 204 அம்சங்களை அளந்து பார்த்ததில், நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டவற்றில் பரம்பரையைவிட வாழ்ந்த வாழ்க்கையே மேலோங்கி நின்றது, வயது ஏற ஏற, ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களும் வேறு வேறாயினர். சைட்டோமெகலோ வைரஸ் என்னும், சத்தமின்றி உடலில் ஆயுள் முழுதும் தங்கிவிடும் கிருமி ஒருவரைத் தொற்றி மற்றவரைத் தொற்றாதிருந்தால், அது ஒன்றே அளந்த அம்சங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை மாற்றியிருந்தது. பாட்டனார் தொண்ணூறு இருந்தார் என்பதை வைத்துக்கொண்டு பேரன் சர்க்கரையைக் கவனியாதிருப்பது, ஆதலால், கணக்குத் தெரியாத நம்பிக்கை.

கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்தை நெருங்குகையில் முடக்கத்தான் சூப்பும் அருகம்புல் சாறும் விற்பவர், "எதிர்ப்பு சக்தி கூடும், குடிங்க ஐயா" என்கிறார். சூப் ருசியானதுதான், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் எதிர்ப்புச் சக்தி கூடக்கூட நன்மை என்னும் எண்ணம் பிசகானது. டி அணுக்களைப் பயிற்றும் தைமஸ் சுரப்பி குழந்தைப் பருவத்திலிருந்தே சுருங்கத் தொடங்கிவிடுவதால், முதுமையில் புதிய கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது. அதே சமயத்தில், கிருமி ஏதுமில்லாதபோதும் அழற்சி அடங்காமல், சாம்பல் மூடிய தணலைப்போல உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது. இத்தாலியரான கிளாடியோ பிரான்சிஸ்கி 2000-இல் பெயர் சூட்டி விளக்கிய இந்த அழற்சிதான் இருதயத்தையும் மூட்டுகளையும் அரிக்கும் காரணங்களுள் ஒன்று. பி27 என்னும் எச்.எல்.ஏ. வகை உடையவர்களுள் சிலருக்கு எதிர்ப்பு மண்டலமே தம் முதுகெலும்பைத் தாக்கி விறைக்கச் செய்கிறது. வேண்டியது மிகுதியன்று, அளவு.

மலைக்காற்றைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1896-இல் இங்கே வந்து, பிறகு ஒருபோதும் இவ்வூரை விட்டு நீங்காத ரமண மகரிஷி, இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்கு நான்கு முறை அறுவைச் சிகிச்சை செய்தும் குணமாகாமல், 1950 ஏப்ரல் 14 அன்று சித்தியடைந்தார். சரீரத்தின் தர்மத்துக்கு மலை விலக்களிப்பதில்லை. பக்திக்கு அதனால் யாதொரு குறைவும் இல்லை. மலையைச் சுற்றும் நடைக்கோ பலன் உண்டு. ஆனால் அது மாதத்தில் ஓர் இரவோடு முடிந்துவிடக் கூடாது.

இனி, அறுபதைக் கடந்த வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். நிமோனியாவுக்கும் இன்புளூயன்சாவுக்கும் போடப்படும் தடுப்பூசிகள் குழந்தைகளுக்கு மட்டும் உரியவை என்று எண்ணாமல், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால், வெறுங்காலோடு வலம் போகவேண்டாம்; போய் வந்துவிட்டால், அன்றிரவே விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.