முழுகாமல் இருக்கிறீர்களா? முதலில் தேதியைச் சொல்லுங்கள்

மகப்பேறு மருத்துவர் பதில்கள்

கேள்வி: வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்தேன். இரண்டாவது கோடு ரொம்ப மங்கலாகத் தெரிகிறது. கரு தங்கியிருக்கிறதா, இல்லையா? (வாசகி, ராசிபுரம்)

பதில்: மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். அட்டையில் சொல்லியிருக்கும் நிமிடத்துக்குள் தெரிந்ததா என்று மட்டும் பாருங்கள். அரை மணி கழித்து, காய்ந்தபின் தெரிந்த கோடு கணக்கில்லை. இரண்டு நாள் விட்டு, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் மறுபடியும் பாருங்கள்.

கேள்வி: தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து எண்ணினால் எனக்கு ஏழு வாரம். ஸ்கேனில் 14 மில்லிமீட்டர் அளவில் பை மட்டும்தான் தெரிகிறது, இதயத்துடிப்பு இல்லை என்றார்கள். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்துவிடலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். எனக்கு மாதவிலக்கு 40 நாளுக்கு ஒருமுறைதான் வரும். (வாசகி, மன்னார்குடி)

பதில்: வேண்டாம் அம்மா, பொறுங்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. அதை ஸ்கேன் எடுத்த இடத்தில் யாராவது கேட்டார்களா?

கர்ப்பத்தின் கணக்கு தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அந்தக் கணக்கும் 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறவர்களுக்குத்தான் சரியாக வரும். 40 நாள் ஆகிற உங்களுக்குக் கருமுட்டை வெளியே வருவதே ஏறக்குறைய 12 நாள் தாமதமாகத்தான். ஆகவே உங்கள் கரு காலண்டர் காட்டுகிற வயதைவிட இளையது. இப்போது ஐந்தரை, ஆறு வாரம் இருக்கலாம். அந்த நேரத்தில் பை மட்டும் தெரிவதும் துடிப்பு தெரியாததும் சாதாரணம்.

பை 25 மில்லிமீட்டரை எட்டியும் உள்ளே கரு இல்லை, அல்லது கரு 7 மில்லிமீட்டரை எட்டியும் துடிப்பு இல்லை. இந்த இரண்டில் ஒன்றை உள்வழி ஸ்கேனில் பார்த்தால்தான் கர்ப்பம் நின்றுவிட்டது என்று சொல்ல முடியும். உங்கள் அளவு அதற்கு வெகு கீழே. பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுங்கள். அதற்குள் அதிக ரத்தப்போக்கோ வலியோ இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். சுத்தம் செய்துவிடலாம் என்று முடிவோடு வந்து, இரண்டு வாரம் கழித்து அதே கர்ப்பத்தில் துடிப்பைப் பார்த்துக் கண் கலங்கிய பெண்கள் என் அறையில் பலர். இந்த அவசரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

கேள்வி: கர்ப்பம் என்று தெரியாமல் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டேன். கலைத்துவிட வேண்டுமா? (வாசகி, ஓசூர்)

பதில்: வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. நிம்மதியாக இருங்கள். இனிமேல் எக்ஸ்ரே அறைக்குள் போகுமுன் நாள் தள்ளியிருப்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்யாணமாகி ஆறு மாதம். நாள் தள்ளி மூன்று வாரமாகிறது. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும் என்கிறார் மாமியார். அதற்கப்புறம் டாக்டரைப் பார்த்தால் போதும்தானே? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: போதாது. ஊருக்குச் சொல்லாமல் இருங்கள், அது உங்கள் குடும்ப விஷயம். மருத்துவரிடமும் நர்ஸம்மாவிடமும் மறைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் முதலில் ஒரு குழாயாக உருவாகின்றன. திறந்திருக்கும் அந்தக் குழாய், கரு உருவாகி ஏறக்குறைய 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். உங்கள் கணக்கில் அது நாள் தள்ளி இரண்டு வாரம். கோடு மங்கலா பளிச்சா என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே அந்த வேலை முடிந்துவிடுகிறது. மூடாமல் போனால் மண்டையோடு வளராத குழந்தை, முதுகில் கட்டியோடும் செயலற்ற கால்களோடும் பிறக்கும் குழந்தை. ஐந்தாம் மாத ஸ்கேனில் இதைப் பார்த்துவிட்டு ஒரு தாயிடம் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்திருக்கிறது. அப்போதெல்லாம், நான்கு மாதம் முன்னால் இந்தப் பெண்ணுக்கு ஒரு சின்ன மாத்திரை கிடைத்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாமே என்றுதான் மனம் அடித்துக்கொள்ளும்.

அந்த மாத்திரைதான் ஃபோலிக் அமிலம். அது நம் மண்ணோடு தொடர்புள்ள மருந்து. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகள் ஒருவகை ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் தேடி அந்த அம்மா அவர்களுடைய சாப்பாட்டைத் துருவிப் பார்த்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் எலிகளை வைத்து ஆராய்ந்தார். சென்னைக்கும் வந்து, நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் திருவல்லிக்கேணி மருத்துவமனையில் வேலை செய்தார். மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை குணமாகிறது என்று கண்டுபிடித்தார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் பின்னால், 1941-இல், பசலைக்கீரை இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஃபோலிக் என்று பெயர் பெற்றது. லத்தீனில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். ஏற்கெனவே மூளை, முதுகுத்தண்டுக் குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு அதைக் கொடுத்துச் செய்த பெரிய ஆய்வு 1991-இல் வெளிவந்தது. மறுபடியும் அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. வேறு எந்த மாத்திரையைப் பற்றியும் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன்.

ஆகவே, குழந்தை வேண்டும் என்று நினைக்கிற நாளிலேயே, கர்ப்பமாகக் குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே, தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்க வேண்டும். 12 வாரம் முடியும்வரை விடக்கூடாது. முன்பு முதுகுத்தண்டுக் குறையோடு குழந்தை பிறந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போன்றோருக்குத்தான் 5 மில்லிகிராம் மாத்திரை, அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி. கீரை சாப்பிடுகிறேனே என்று சொல்லாதீர்கள். கீரை நல்லதுதான், தினமும் சாப்பிடுங்கள். ஆனால் வேகவைத்து வடித்த தண்ணீரோடு இந்தச் சத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது. கட்டில், பீரோ, பாத்திரம் என்று பார்த்துப் பார்த்துப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் அம்மாக்களே, அந்தச் சீர்வரிசையில் இந்த மாத்திரையையும் வையுங்கள். ஒரு பட்டுப்புடவையின் தலைப்பு விலைகூட ஆகாது.

திண்டுக்கல் தங்கச்சி, உங்களுக்கு இப்போது ஏழு வாரம். இன்றைக்கே மாத்திரையைத் தொடங்குங்கள். மீதி வாரங்களிலும் அது ரத்த உற்பத்திக்கு வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 12 வாரத்துக்குள் பதிந்துகொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் பெட்டகமுமாக 18,000 ரூபாய் கிடைப்பதற்கும், நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும், அப்படிப் பதியும்போது கொடுக்கும் பிக்மி எண் வேண்டும். முதல் நாளே ரத்தப்பிரிவு, ஹீமோகுளோபின், தைராய்டு, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சர்க்கரை எல்லாம் பார்த்துவிடுங்கள். மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள். அவருடைய பயம் உங்கள் மேல் உள்ள அக்கறைதான். டாக்டர் சொல்லி அவரே கேட்கட்டும்.

கேள்வி: பப்பாளி, அன்னாசி, எள். எதைச் சாப்பிட்டால் கரு கலையும்? (வாசகி, செய்யாறு)

பதில்: பப்பாளிக் காயில் பால் இருக்கிறது, அது கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கக் கூடியது. காயும் அரைப்பழமும் வேண்டாம். நன்றாகக் கனிந்த பழத்தில் ஒரு துண்டு சாப்பிட்டதற்காக ராத்திரி முழுக்கத் தூங்காமல் அழ வேண்டாம். அன்னாசியில் இரண்டு துண்டும், எள்ளுருண்டை ஒன்றும் எதுவும் செய்யாது. நான் பயப்படுவது வேறு விஷயங்களுக்கு: யாரோ கொடுத்த பெயர் தெரியாத லேகியம், கடையில் தாமே வாங்கிப் போடும் வலி மாத்திரை, முகப்பருவுக்கு எழுதித் தரும் ஐசோட்ரெட்டினாயின். கடைசியில் சொன்னது கருவுக்குக் கடும் ஊனம் உண்டாக்கும். அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது நாள் தள்ளினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆறு வாரக் கர்ப்பம். எட்டு வருடமாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குழந்தைக்கு ஆகாது என்று மருந்துக்கடையில் சொன்னதால் நான்கு நாளாக நிறுத்திவிட்டேன். சரிதானே? (வாசகி, விருதுநகர்)

பதில்: தவறு. பெரிய தவறு. இதைப் படித்த கையோடு உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், தனியாகப் போகாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட வேகமாக வரும். அப்போது உங்களுக்கும் ஆபத்து, குழந்தைக்குப் போகும் பிராணவாயுவும் தடைபடும். சில மாத்திரைகள், குறிப்பாக வால்ப்ரோயேட், கருவுக்குக் கெடுதல் என்பது உண்மை. அதற்காகத்தான் கர்ப்பத்துக்கு முன்பே மாற்றித்தரச் சொல்லிக் கேட்க வேண்டும். இப்போது எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். மருந்துக்கடையில் மருந்து வாங்குங்கள், வைத்தியம் கேட்காதீர்கள். தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் அது கூடுதலாகத்தான் தேவைப்படும், நிறுத்தக் கூடாது.

கேள்வி: முதல் இரண்டும் பெண். இந்த முறை என்னவென்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? (வாசகர், ஊர் வேண்டாம்)

பதில்: கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் உயிரணு, உங்கள் மனைவி அல்ல. அவரை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு ஒன்பதாவது வாரம். காலையிலிருந்து ராத்திரிவரை வாந்தி. தாளிக்கும் வாசனைக்கே ஓடுகிறாள். என் அம்மாவெல்லாம் வயலில் வேலை செய்துகொண்டே பெற்றவர். இவள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறாளோ என்று தோன்றுகிறது. (வாசகர், காங்கேயம்)

பதில்: மிகைப்படுத்தவில்லை. மசக்கை உச்சத்தில் இருப்பதே ஒன்பதாவது வாரத்தை ஒட்டித்தான். உங்கள் அம்மாவும் வாந்தி எடுத்திருப்பார், வரப்போரத்தில் உட்கார்ந்து. பார்க்க ஆளில்லை, சொல்லவும் வழியில்லை. அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தாளிப்பு வாசனை ஆகவில்லை என்றால் தாளிக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு. அவர் படுக்கையைவிட்டு எழுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி பொரியோ இரண்டு ரஸ்க்கோ கொடுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஏழு வேளையாகப் பிரியுங்கள். வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும். எது பிடிக்கிறதோ அதைச் சாப்பிடட்டும், சத்துக் கணக்கை நாலாம் மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரை இப்போதே தொடங்கியிருந்தால், ரத்தம் போதுமான அளவு இருக்கிறது என்று தெரிந்தால், டாக்டரைக் கேட்டுத் தள்ளிவையுங்கள். வாந்திக்கு மருந்தே கூடாது என்று பலர் பயப்படுகிறார்கள். கருவுக்கு ஊனம் உண்டாக்கிய தாலிடோமைடு என்ற மாத்திரையை 1961-இல் திரும்பப் பெற்ற நாளிலிருந்து வரும் பயம் அது. டாக்ஸிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை அப்படியல்ல, நீண்ட காலமாக ஏராளமான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பாதுகாப்பான மருந்து. டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து கருமஞ்சளாகப் போகிறது, 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோ இறங்கிவிட்டார் என்றால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், அதற்கு முன் தயமின் ஊசி கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஏழு வாரம். லேசாக ரத்தம் பட்டது. கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி அசையாமல் படுக்கவைத்திருக்கிறோம். எத்தனை நாள் இப்படி? (ஒரு தாய், அறந்தாங்கி)

பதில்: செங்கல்லை எடுத்துவிடுங்கள் அம்மா. படுத்துக்கொண்டிருப்பதால் கரு நிற்காது, நடமாடுவதால் கலையாது. நான்கில் ஒரு கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் இப்படிப் படுவதுண்டு, பெரும்பாலோர் நல்லபடியாகப் பெறுகிறார்கள். ஸ்கேன் எடுத்தீர்களா என்பதை எழுதவில்லையே, அதுதான் முக்கியம். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். குழாயில் தங்கியிருந்தால் வயிற்றின் ஒரு பக்கம் வலிக்கும், தலை சுற்றும், தோள்பட்டை முனையில் வலி எடுக்கும். அப்படி இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தப்பிரிவு நெகட்டிவ் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஊசி தேவையா என்று பார்ப்பார்.

கேள்வி: ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. ஸ்கூட்டரில் வேலைக்குப் போனேன், ஒருநாள் பழனி படியேறினேன். அதனால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணவர் சொல்லவில்லை, ஆனால் பேசாமல் இருக்கிறார். அந்தப் படி ஏறியிருக்கவே கூடாது, இல்லையா? (வாசகி, உடுமலைப்பேட்டை)

பதில்: அதனால் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், அதனால் இல்லை.

இப்படி ஆரம்பத்தில் கலையும் கர்ப்பங்களில் பாதிக்கும் மேல் குரோமோசோம் கணக்கு தவறிப்போனவை. கருமுட்டையும் உயிரணுவும் சேர்ந்த அன்றே அது முடிவாகிவிடுகிறது. நீங்கள் படியேறிய நாளில் கரு வளர்வதை ஏற்கெனவே நிறுத்தியிருக்கவும் கூடும், உடம்பு அதை வெளியே காட்டச் சில நாள் எடுக்கும். தெரிந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபதுவரை இப்படிப் போகின்றன. உங்களைக் குறை சொல்லும் பெரியவர்களில் சிலருக்கும் நடந்திருக்கும். அந்தக் காலத்தில் நாள் தள்ளி வந்தது என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள்.

உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். பேசாமல் இருப்பவர் குறை சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவருக்கும் இழப்புதான், அழத் தெரியாமல் இருக்கலாம்.

ஒரு மாதவிலக்கு சரியாக வந்தபின், மனமும் உடம்பும் ஒத்துழைத்தால், மறுபடி முயற்சி செய்யலாம். ஒருமுறை கலைந்ததற்காகப் பெரிய பரிசோதனைகள் தேவையில்லை, இரண்டு மூன்று முறை தொடர்ந்தால்தான். ரத்தப்பிரிவு என்னவென்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஃபோலிக் மாத்திரையை இன்றே தொடங்கலாம். வேலையை விடாதீர்கள். அடுத்த முறை நாள் தள்ளினால், அதே ஸ்கூட்டரிலேயே டாக்டரிடம் போங்கள்.