ஆயில் என்ஜினைத் தூக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

"நாலு பேர் இருக்கோம்ல... ஒரே மூச்சுல தூக்கிடலாம்!"

பல வீடுகளில் வினை ஆரம்பிப்பது இந்தப் பேச்சில்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் வலங்கைமான் பக்கம் போய்ப் பாருங்கள். விடாமல் இரண்டு நாள் மழை பிடித்தால் சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்த ஆயில் என்ஜினுக்கு அப்போதுதான் மவுசு. 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை கஜா புயல் அடித்து டெல்டா கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தபோது, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றக்கூட ஜெனரேட்டர்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அவசரம், ஈரத் தரை, எண்ணெய்ப் பிசுக்கு. வீட்டு ஆண்கள் மூணு பேர், பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன். இப்படித் தூக்கினால் பயிர் பிழைக்கலாம், முதுகு பிழைக்குமா? பழைய காரை வாசலிலேயே நிறுத்தி என்ஜினை இறக்கிப் பார்க்கும் டவுன்வாசிகளுக்கும் இதே கேள்விதான்.

கனம் எவ்வளவு?

வயலில் ஓடும் 5 குதிரைசக்தி என்ஜினே 100 கிலோவைத் தாண்டும். பெரிய சக்கரங்கள் வைத்த பழைய லிஸ்டர் மாடல் என்றால் 300 கிலோவுக்கு மேல். கார் என்ஜின், கியர்பாக்ஸோடு சேர்த்து, பெரும்பாலும் 100 முதல் 200 கிலோ.

ஒரு மனிதர் எவ்வளவு தூக்கலாம்? நல்ல பிடி, உடம்புக்கு அருகில், குனியாமல், திரும்பாமல் என்று எல்லாம் சரியாக இருந்தாலே 23 கிலோதான் பாதுகாப்பான அளவு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் கணக்குச் சொன்னது.

"அப்போ நாலு பேர்னா 92 கிலோ ஆச்சே?" என்பீர்கள். அங்கேதான் தப்பு. இரண்டு பேர் சேர்ந்தால் மொத்த பலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் பயன்படும். மூன்று பேர் என்றால் பாதி. ஒருவர் முந்துவார், ஒருவர் வழுக்குவார். பாரம் முழுக்க ஒரே ஆள் தலையில் விழும்.

வலங்கைமான் மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் பாடைக்காவடி பார்த்திருப்பீர்கள். நோயிலிருந்து மீண்டவரைப் பாடையில் படுக்க வைத்துத் தோளில் சுமப்பார்கள். 60 கிலோ மனிதரை நாலு பேர் சுமந்தால் ஆளுக்கு 15 கிலோ. மூங்கில் தோளில் உட்காருகிறது. எல்லோரும் ஒரே அடி வைக்கிறார்கள். என்ஜினிலோ பிடிக்க இடமில்லை, ஒரு பக்கம் கனம் கூடுதல், குனிந்துதான் எடுக்க வேண்டும்.

முதுகுக்குள் என்ன நடக்கிறது?

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். ஜெர்மனியின் உல்ம் நகரில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்குக்குள்ளேயே அளவுகருவியை வைத்துப் பார்த்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சும்மா நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். முதுகை வளைத்து 20 கிலோ தூக்கினால் 2.3. முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7. அதே பாரத்தை உடம்போடு அணைத்துப் பிடித்தால் 1.1. வெறும் 20 கிலோவுக்கே இந்தக் கதி!

சரி, எப்படித்தான் நகர்த்துவது?

தூக்காதீர்கள், உருட்டுங்கள், நெம்புங்கள், தொங்கவிடுங்கள்.

1. முதலில் கனத்தைக் குறையுங்கள். என்ஜின் நன்றாக ஆறியபின் டீசல், ஆயில், தண்ணீர் மூன்றையும் வடித்துவிடுங்கள். ஹேண்டில், சைலன்சர், பம்பு என்று கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள். கார் என்றால் பேட்டரி இணைப்பை எடுத்த பிறகே கை வையுங்கள்.

2. வழியைத் துப்புரவாக்குங்கள். தரையில் சிந்திய ஆயில் மேல் மண்ணோ மரத்தூளோ போடுங்கள். குழந்தைகளும் ஆடுமாடும் பக்கத்தில் வேண்டாம். ரப்பர் செருப்பு, தொங்கும் துண்டு, மோதிரம் மூன்றும் ஆகாது.

3. கடப்பாரையால் ஒரு பக்கத்தை இரண்டு விரல் உயரம் நெம்புங்கள். உடனே மரக்கட்டையை உள்ளே கொடுங்கள். கட்டையைக் காலாலோ இன்னொரு குச்சியாலோ தள்ளுங்கள். விரலை உள்ளே விடாதீர்கள். இப்படி மாற்றி மாற்றி உயர்த்தி, அடியில் கனமான பலகையும் அதன் கீழ் 2 அங்குல இரும்புக் குழாய்த் துண்டுகள் நாலும் கொடுத்தால் உருண்டு வரும். பின்னால் வெளிவரும் குழாயை முன்னால் கொண்டு போடுங்கள். ஈர மண் என்றால் குழாய் புதையாமல் கீழேயும் பலகை விரியுங்கள்.

4. சரிவில் இறக்கும்போது கையால் தாங்க நினைக்காதீர்கள். பின்னால் வடம் கட்டி, உறுதியான மரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உராய்வால் பாரத்தை மரம் வாங்கிக்கொள்ளும். என்ஜினுக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

5. உயரத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் 1 டன் செயின் பிளாக்கும் முக்காலிக் கம்பமும் வாடகைக்கு எடுங்கள். மூன்று கால்களும் விரியாதபடி அடியில் கயிற்றால் பிணையுங்கள். ஓட்டு வீட்டுக் கைமரத்தில் மாட்டிவிடாதீர்கள், கூரையோடு வந்துவிடும். தொங்கும் என்ஜினுக்கு அடியில் தலையோ கையோ போகவே கூடாது.

6. ஒருத்தர் குரல் மட்டும்தான் கேட்க வேண்டும். ஆளாளுக்கு "தள்ளு", "நிறுத்து" என்றால் விபத்து நிச்சயம். என்ஜின் சாய்ந்தால் பிடிக்கப் பாயாதீர்கள். விலகி ஓடுங்கள். உடைந்த என்ஜினுக்கு மெக்கானிக் இருக்கிறார்!

முதுகுவலி, குடலிறக்கம், இருதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் இந்த வேலைக்கு வேண்டாம். "பலகையைச் சும்மா புடிச்சுக்கோ" என்று வீட்டுக்காரர் கூப்பிட்டாலும் போகாதீர்கள். "எங்கிட்ட விடு" என்கிற பத்தாவது படிக்கும் பிள்ளையையும் விடாதீர்கள்.

அடிபட்டுவிட்டால்?

கால் சிக்கினால் இழுக்காதீர்கள். நெம்பிக் கட்டை கொடுத்து என்ஜினை உயர்த்தி எடுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் சிக்கியிருந்தால் முதலில் 108-ஐக் கூப்பிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளிவரும் பொருட்கள் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கலாம்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். விரல் துண்டானால் அதை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் மீது நேராக ஐஸ் படக்கூடாது. ஆளையும் விரலையும் சேர்த்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இடுப்புப் பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் படுக்க வேண்டாம். ஓரிரு நாள் கடின வேலையைத் தவிர்த்து, முடிந்த அளவு நடமாடுங்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் முதுகில் ஏறி மிதிக்க விடாதீர்கள்.

ஆனால் கால் மரத்துப் போனாலோ, பாதம் தொங்கினாலோ, உட்காரும் இடம் உணர்வில்லாமல் போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ தன்னையறியாமல் போனாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம் அது. தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகலாம். தொடை இடுக்கில் புடைப்பு தோன்றி, உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் வந்தாலும் அப்படியே. "காலையில பார்த்துக்கலாம்" வேண்டாம். வலங்கைமானிலிருந்து கும்பகோணம் பெரிய தூரமில்லை.

செயின் பிளாக் வாடகையையும், குழாய் தேடும் அரை மணி நேரத்தையும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம். குடும்பத்தைச் சுமக்கிற முதுகுக்கு முன்னால் அது ஒரு செலவா? அடுத்த மழைக்கு முன்பே நாலு குழாய்த் துண்டு, இரண்டு பலகை, ஒரு கடப்பாரை, நல்ல வடம் எல்லாவற்றையும் என்ஜின் பக்கத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.