சனிக்கிழமைச் சம்பளம்

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய திட்ட அறிக்கையைப் படித்தேன். இருபது மிஷின், வாடகைக் கட்டடம், கரண்ட் இணைப்பு, வங்கிக் கடன் என்று கணக்கு நேர்த்தியாக இருக்கிறது. பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் மெர்ச்சண்டைசராக நின்று அடி வாங்கியவள் எழுதியது என்பது வரிக்கு வரி தெரிகிறது. 'உருவாகும் வேலைவாய்ப்பு: 30 பேர்' என்ற கட்டத்தில்தான் என் கண் நின்றுவிட்டது. அதற்குக் கீழே, சுற்றுவட்டாரக் கிராமங்களில் வறுமை குறையும் என்று ஒரு வாக்கியம். வங்கிக்காரர்கள் அப்படி ஒரு வாக்கியத்தை எதிர்பார்ப்பார்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் போனில் பேசியபோது நீ அதை நம்பியே எழுதியிருக்கிறாய் என்று புரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். திருப்பூரில் தொழில் தொடங்குகிற உன் வயசுக்காரர்களும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன். பெயரைப் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

சிறு கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதியே என் காலம் போனது. எனக்கு ஓவர்லாக் ஓட்டத் தெரியாது. எந்தக் கம்பெனியில் சம்பளம் எப்போது தள்ளிப்போனது, ஏன் தள்ளிப்போனது என்பது தெரியும். அந்த அனுபவத்தில் ஒன்றைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்: முப்பது பேரை வேலைக்கு எடுத்ததால் முப்பது வீட்டு வறுமை குறைவதில்லை. வருடத்தின் 52 சனிக்கிழமையும் சம்பளம் வீடு போய்ச் சேர்ந்தால் குறைகிறது. நாற்பது வாரம் வேலை, பன்னிரண்டு வாரம் சும்மா என்றால், அந்தப் பன்னிரண்டு வாரத்தில் வாங்குகிற கடன் நாற்பது வாரச் சம்பாத்தியத்தைத் தின்றுவிடும். தொழில் முனைவோர் பற்றிய மேடைப் பேச்சுகளில் ஆள் எண்ணிக்கையைத்தான் சொல்கிறார்கள். வாரத்தை யாரும் எண்ணுவதில்லை.

நம் வட்டாரம் வானம் பார்த்த பூமி. பண்ணையாளாக இருந்தவர்களுக்குக் கூலி தானியமாகவும், நோம்பிக்கு ஒரு துணியாகவும், வாங்கிய கடனில் கழிவாகவும் வந்தது. 1920-களில் இங்கே பின்னல் மிஷின் வந்து, 1970-களின் கடைசியில் ஏற்றுமதியும் சேர்ந்தபோது, அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த பெரிய புதுமை பனியன் இல்லை, வாராவாரம் கையில் விழுந்த ரொக்கம். நாம் பெருமையாகச் சொல்லும் கதை வேறு: மிஷினில் உட்கார்ந்த தொழிலாளியே முதலாளி ஆன கதை. அது பொய்யில்லை. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் வெளிவந்த 'ஃப்ரட்டர்னல் கேபிடல்' என்ற புத்தகம் முழுக்க அதைத்தான் ஆராய்கிறார். சிறு விவசாயக் கவுண்டர்கள் தங்கள் உழைப்பையே முதலாகக் காட்டி எப்படி ஏறினார்கள் என்று. பெண்களும் தலித்துகளும் அந்த ஏணியில் ஏறியது மிக அபூர்வம். நீ ஏறப் பார்க்கிறாய் என்பதில் எனக்கு அதனால்தான் இரட்டைச் சந்தோஷம். ஆனாலும் இந்த ஊரால் வறுமையிலிருந்து வெளியே வந்தவர்களில் முதலாளி ஆனவர்கள் கொஞ்சம் பேர், சம்பளம் வாங்கியவர்கள்தான் மிகப் பலர்.

எல்லா வேலையும் ஒன்றில்லை என்பதற்குச் சாட்சி தேடி நீ தூரம் போக வேண்டாம். கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் தங்கி எழுதியிருக்கிறார்கள். 2014-ல் வந்த அவர்களுடைய கட்டுரை ஒன்றின் தலைப்பே 'டி-ஷர்ட்டும் டம்ளரும்'. ஒரு ஊரிலிருந்து தலித் இளைஞர்கள் பனியன் கம்பெனிக்குப் போய்வந்தார்கள். பண்ணையத்தை நம்பி நின்ற நிலை அங்கே தளர்ந்தது. இன்னொரு ஊரில் விசைத்தறிதான் வேலை. தறி முதலாளி பெரிய முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்தார். முன்பணம் தீராததால் ஆளும் நகர முடியவில்லை. இரண்டுமே தொழில் முனைவுதான். இரண்டையும் திட்ட அறிக்கையில் எழுதினால் வேலைவாய்ப்புக் கட்டத்தில் ஒரே மாதிரி எண்ணாகத்தான் தெரியும். ஆள் கிடைக்காத காலத்தில் உனக்கும் ஒருவர் வந்து சொல்வார்: பத்தாயிரம் இருபதாயிரம் முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடு, டைலர் ஓடமாட்டான் என்று. செய்யாதே. பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் என்று கேட்டால் கொடு, வாரம் இவ்வளவு என்று பிடித்துக்கொள். ஆனால் கடனை வைத்து ஆளை நிறுத்தும் தொழிலாக அது மாறிவிடக் கூடாது.

நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று இருந்தது நினைவிருக்கும். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குப் போன பெண்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனது. சம்பளத்தைத் தள்ளிவைத்துத் தரும் எந்த ஏற்பாட்டிலும் நட்டம் வேலை செய்கிறவர் தலையில்தான் விழும்.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். நீ மிஷினுக்குக் கடன் கேட்டிருக்கிறாய், சம்பளத்துக்குக் கேட்கவில்லை. முப்பது பேர், ஆளுக்கு வாரம் சராசரி 4,000 என்று வை. வாரம் 1,20,000. உனக்கு ஜாப் ஒர்க் கொடுக்கிற கம்பெனி பில்லுக்கு அறுபது நாளில் பணம் தரும் என்று நீயே எழுதியிருக்கிறாய். எட்டு வாரத்துக்கு 9,60,000 ரூபாயை நீ உன் கையிலிருந்து சம்பளமாகப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் முதல் செக் வரும். வாடகையும் கரண்ட் பில்லும் நூலும் ஊசியும் இதில் சேரவில்லை. தீபாவளி போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதற்கு வாரம் பத்தாயிரம் தனியாக எடுத்துவைத்தால்தான் அந்த மாதம் தாங்கும். முத்ரா கடனில் தருண் பிரிவின் வரம்பு பத்து லட்சம். நீ அதை முழுக்க மிஷினில் போட்டுவிட்டால் சம்பளத்துக்கு வெளியில் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்குத்தான் ஓட வேண்டியிருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டால், கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1984-ல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பஞ்சப்படி கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் இருந்த வேலை கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங் ஓரிடம் என்று மேலும் மேலும் சிதறியது. தையலை மட்டும் எடுத்துச் செய்கிற பவர் டேபிள் கான்ட்ராக்டர்கள் பெருகினார்கள். உன் யூனிட் மாதிரி யூனிட்கள் இந்த ஊரில் இவ்வளவு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் ஒன்றை மறந்துவிடாதே: பெரிய கம்பெனி உன்னிடம் தள்ளிவிடுவது தையலை மட்டும் இல்லை, சனிக்கிழமைச் சம்பளப் பொறுப்பையும் சேர்த்துத்தான். அதைச் சுமப்பதற்கு உனக்கு என்ன கூலி என்பதை பீஸ் ரேட் பேசும்போது கேள்.

சட்டம் உன் பக்கம் இருக்கிறது, காகிதத்தில். 2006-ம் வருடத்து குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் பணத்தைத் தள்ளக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதைக் கேட்டு வழக்குப் போட்ட சின்ன கான்ட்ராக்டருக்கு அடுத்த ஆர்டர் யார் கொடுப்பார்கள் என்பதுதான் சிக்கல். 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம் இன்னும் கூர்மையானது. காலக்கெடுவுக்குள் பணம் தராமல் வருடமும் தாண்டிவிட்டால், அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. நீ யார்மீதும் புகார் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுடைய ஆடிட்டரே அவர்களை நெருக்குவார். இதெல்லாம் செல்லுபடியாக வேண்டுமானால் முதல் பில் போடுவதற்கு முன்பே சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு கையில் இருக்க வேண்டும். பதிவு எண்ணை பில்லில் அச்சடி. கூச்சப்படாதே.

உன் அறிக்கையில் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு வரியும் காணோம். பத்துப் பேரைத் தொட்டாலே அது கட்டாயம். 4,000 ரூபாய் வாரச் சம்பளத்துக்கு உன் பங்கு 3.25 சதவீதம், அதாவது 130 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 30 ரூபாய். முப்பது பேருக்கு உனக்கு வாரம் 3,900 ஆகிறது. இதை மிச்சம் பிடிக்க, பாதிப் பேரைப் பதிவேட்டில் காட்டாமல் விடுகிறவர்களை எனக்குத் தெரியும். நீயும் அதைப் பழகிக்கொண்டால், வறுமை குறையும் என்ற வாக்கியத்தை அடித்துவிடலாம். அனிருத் கிருஷ்ணா என்பவர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரா, கென்யா, உகாண்டா, பெரு என்று பல இடங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதையைக் கேட்டு எழுதினார். ஓரளவு நன்றாக இருந்த குடும்பங்கள் வறுமைக்குள் விழுந்ததற்கு முதன்மையான காரணம் வைத்தியச் செலவு. மேலே ஏறுகிற வேகத்தைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். விழுகிற வழியை அந்த 130 ரூபாய்தான் அடைக்கிறது.

எல்லோரையும் முதலாளி ஆக்கிவிட்டால் வறுமை போய்விடும் என்கிற வாதத்தையும் நீ கேட்டிருப்பாய். உன் யூனிட்டில் சேரப்போகிற பெண்ணுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாதா என்று அன்றைக்கு என்னிடமே கேட்டாய். எத்தியோப்பியாவில் பிளாட்மேன், டெர்கான் என்ற பொருளாதார அறிஞர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஐந்து தொழிற்சாலைகளில் வேலை கேட்டு வந்த ஏறக்குறைய ஆயிரம் பேரைக் குலுக்கலில் பிரித்து, சிலருக்கு வேலை, சிலருக்கு 300 டாலரும் கொஞ்சம் பயிற்சியும், சிலருக்கு ஒன்றும் இல்லை. ஒரு வருடத்தில், பணம் வாங்கித் தொழில் தொடங்கியவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. தொழிற்சாலைக்குப் போனவர்களுக்கு ஒன்றும் கூடவில்லை. மூன்றில் ஒருவர் முதல் மாதத்திலேயே நின்றுவிட்டார், வருடத்துக்குள் பெரும்பாலோர் விலகிவிட்டார்கள், உடம்பு கெட்டதுதான் மிச்சம். ஐந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தது. கடனும் மிஷினும் கைகொடுத்தது கொஞ்ச காலம்தான். ஆள் தங்க முடியாத வேலையோ தொடக்கத்திலிருந்தே கைகொடுக்கவில்லை.

ஆள் ஏன் தங்குவதில்லை? நம் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்பதைச் சாதாரணமாகச் சொல்கிறோம். பன்னிரண்டு மணி நேரம். கூலி கூடத்தான் வரும். ஆனால் இரவு எட்டரை மணிக்கு விட்டு, பஸ் பிடித்துப் போய் அடுப்பு பற்றவைக்க வேண்டிய பெண் ஆறு மாதத்தில் நின்றுவிடுவாள். அவள் இடத்துக்குப் புதிதாக ஒருத்தியைப் பழக்க உனக்கு மூன்று வாரம் ஆகும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பையன்கள் ஒன்றரை ஷிப்டுக்குச் சம்மதிப்பார்கள். ஊர் விட்டு வந்தவர்களுக்கு அறையில் சும்மா இருப்பதைவிட அது பரவாயில்லை. அதையே அளவுகோலாக வைத்து உள்ளூர்ப் பெண்களை விரட்டாதே. ஒரு ஷிப்ட் மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒரு லைன் தனியாக வை.

நீ என்னதான் திட்டம் போட்டாலும் வெளியிலிருந்து அடி விழும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலைக்கு வராதவை 700-க்கு மேல் இருந்தன. துணி சாயத்துக்குப் போகாமல் தையல் மிஷின்களும் நின்றன. நாம் அன்றைக்குப் போட்ட கூச்சலில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளின் குரல் கேட்கவில்லை. நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடி, கிணறு உப்பாகி, தென்னை காய்ந்து அவர்கள் ஏழை ஆன வருடங்களில்தான் நமக்கு ஆர்டர் குவிந்தது. வேலைவாய்ப்புக் கணக்கில் அந்தக் கழித்தலையும் போட்டிருக்க வேண்டும். தீர்ப்பு நியாயமானது என்று நான் அப்போதே சொன்னேன், சொன்னதற்குச் சில நண்பர்கள் பேசாமல் இருந்தார்கள். பிறகு 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2020-ல் ஊரடங்கு, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் 50 சதவீத வரி. ஒவ்வொன்றிலும் முதலில் நின்றது சின்ன யூனிட்களின் சம்பளம். ஆறு வாரச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வைத்திருந்தவர்கள் ஆளை இழக்காமல் மீண்டும் ஓட்டினார்கள். மற்றவர்களுக்கு ஆர்டர் திரும்பி வந்தபோது டைலர் இல்லை.

ஆகவே முதல் ஆர்டரை யாரிடம் வாங்குவது என்று நீ கேட்டதற்குப் பதில் இது. ஒருவர் பீஸுக்கு 20 ரூபாய் சொல்லி 90 நாளில் பணம் தருவார். இன்னொருவர் 19 ரூபாய்தான் தருவார், 15 நாளில். நடுவில் இருக்கிற 75 நாளுக்கு மூன்று வட்டி போட்டால் 20 ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய் ஆகிறது. 19 ரூபாய்க்காரரிடம் போ. அவருடைய ஆர்டர் சின்னதாகத்தான் இருக்கும். பன்னிரண்டு மிஷினுக்குமேல் ஓடாது. பன்னிரண்டோடு தொடங்கு, மீதி எட்டை இரண்டாவது தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். பழைய மிஷின் நல்ல நிலையில் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், வரும்போது கூட்டிக்கொண்டு போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. சனிக்கிழமை வேண்டாம், உனக்கும் இனிமேல் அன்றைக்கு வேலை இருக்கும்.

அன்புடன்,
உன் கணக்குப்பிள்ளை மாமா